பினாங்கு ஜார்ஜ் டவுனில் சுவரோவியங்களைத் தேடி நடக்க: முழுமையான வழிகாட்டி

ஜார்ஜ் டவுன் சுவரோவியங்களைப் பெரும்பாலானவர்கள் பார்க்கும் விதம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கைப்பேசியில் ஒரு பட்டியல், ஒவ்வொரு ஓவியத்தின் முன்னாலும் ஒரு வரிசை, முறை வந்ததும் ஒரு படம், உடனே அடுத்த தெருவுக்கு ஓட்டம். இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த ஓவியங்கள் அந்தந்தச் சுவருக்காகவே வரையப்பட்டவை. சுவரில் இருந்த பழைய ஜன்னல், வெடிப்பு, ஓட்டை, உரிந்த சுண்ணாம்பு எல்லாம் ஓவியத்தில் சேர்ந்தே வரும். தெருவைப் பார்க்காமல் ஓவியத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்திருப்பீர்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே யோசனையைத்தான் சொல்லும்: முதலில் தெரு, அப்புறம் ஓவியம்.

1. போவதற்கு முன்னால் ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

ஜார்ஜ் டவுன், மலேசியாவின் பினாங்குத் தீவில், 1786இல் பிரான்சிஸ் லைட் காலத்தில் ஆங்கிலேயர்களின் துறைமுகமாகத் தொடங்கிய ஊர். சீனர், மலாய்க்காரர், தமிழர், அர்மீனியர், அச்சே நாட்டவர் என்று வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு தெருவாகக் குடியேறினார்கள். தெருப் பெயர்களே அதைச் சொல்லிவிடும். ஆர்மீனியன் வீதி, அச்சே வீதி, தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய சூலியா வீதி. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பல பத்தாண்டுகள் இந்தக் கடைவீடுகளை (கீழே கடை, மேலே வீடு) யாரும் பெரிதாக இடித்துக் கட்டவில்லை. 2000இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் பல வெளியேறின. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது, சுமார் 259 ஹெக்டேர் பரப்பு அந்தப் பாதுகாப்புக்குள் வந்தது.

சுவர்க்கலை அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் இரண்டு வழியில். மாநில அரசு 2009இல் நடத்திய போட்டியிலிருந்து பிறந்தவை இரும்புக்கம்பிக் கேலிச்சித்திரங்கள், மொத்தம் 52. கம்பியை வளைத்து, உள்ளூர்க் கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்ததை அப்படியே சுவரில் நிறுத்தியிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் அந்தத் தெருவின் கதை ஒரு சிறு குறிப்பாக இருக்கும். இரண்டாவது, 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சகாரேவிச் வரைந்த ஓவியங்கள். உலகம் முழுக்கப் பரவியது இவைதான். நிஜமான பொருளைச் சுவரில் பொருத்தி, அதோடு ஓவியத்தைச் சேர்ப்பது அவருடைய பாணி.

ஓவியங்களுக்கு இருக்கும் புகழ் கம்பிச் சித்திரங்களுக்கு இல்லை, பலர் அண்ணாந்துகூடப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். நான் சொல்வது நேர்மாறாக: ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கம்பியைத் தேடுங்கள். அது அந்த இடத்தின் கதையைச் சொல்லிவிடும், பிறகு ஓவியம் வேறு மாதிரித் தெரியும்.

2. எப்படிப் போவது, எங்கே தங்குவது

கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த் வந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து படகில் கடலைக் கடந்து ஊருக்குள் இறங்குவதுதான் என் முதல் தேர்வு, ஏனென்றால் இறங்கிய இடத்திலிருந்தே நடக்க ஆரம்பித்துவிடலாம். விமானத்தில் வருகிறவர்கள் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து 401 பேருந்தைப் பிடிக்கலாம், அல்லது செயலியில் வாடகைக் கார்.

தங்குவதை மட்டும் கடற்கரைப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள். 'பத்து ஃபெரிங்கி' என்ற கடற்கரைப் பகுதியில் தங்கிவிட்டு, காலையில் போக்குவரத்தில் மாட்டி ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தால் இந்த நடையின் நல்ல பகுதியே போய்விடும். லவ் லேன், சூலியா வீதி, மன்ட்ரி வீதி பக்கம் எல்லா விலையிலும் அறைகள் உண்டு.

ஊருக்குள் சுற்றக் 'கேட்' என்ற இலவசப் பேருந்து படகுத்துறைக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் இடையே பாரம்பரியப் பகுதியைச் சுற்றி ஓடுகிறது. கால் ஓய்ந்த நேரத்தில் அது பெரிய உதவி. ஆனால் ஓவியங்களைப் பார்க்க நடைதான். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், குறுகிய தெருக்களில் அதை நிறுத்த இடம் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

3. கையில் இருக்க வேண்டியவை

குடை (வெயிலுக்கும் மழைக்கும்), தண்ணீர், நல்ல செருப்பு, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம். லெபு பந்தாயில் உள்ள சுற்றுலா அலுவலகத்தில் கம்பிச் சித்திரங்களுக்கான வரைபடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெயர்ப்பலகைகள் மலாயில்தான் இருக்கும்: லெபு என்பது வீதி, ஜாலான் சாலை, லோரோங் சந்து, வீதி கடலை நோக்கி நீளும் துண்டுக்கு முன்னால் காட் என்று சேர்ப்பார்கள். இந்த நான்கும் தெரிந்தால் வழி தவறாது.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். மலேசியப் பள்ளி விடுமுறை வாரங்களையும் வார இறுதிக் காலைகளையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

4. காலை நடை: ஆர்மீனியன் வீதியிலிருந்து கேனன் வீதி வரை

மலேசிய நேரப்படி அங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடியும். ஏழரைக்கெல்லாம் ஆர்மீனியன் வீதியில் இருங்கள். நினைவுப்பொருள் கடைகள் திறந்திருக்காது, ஓவியத்தின் முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள், வெளிச்சம் மென்மையாக இருக்கும்.

இங்கேதான் சைக்கிளில் போகும் அக்காவும் தம்பியும். சுவரில் ஒரு நிஜமான பழைய சைக்கிள், அதன்மேல் வரையப்பட்ட இரண்டு குழந்தைகள். அக்கா ஓட்டுகிறாள், பின்னால் தம்பி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை முழுக்கத் திறந்திருக்கிறான். சிரிப்பா பயமா என்று சொல்ல முடியாத அந்த முகத்தைத்தான் ஊர் முழுக்கச் சட்டையிலும் காந்தத்திலும் அச்சடித்து விற்கிறார்கள். அருகில் போய்ப் பாருங்கள். சைக்கிள் எங்கே முடிகிறது, வண்ணம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண் தேட வேண்டியிருக்கும். பிறகு பத்தடி பின்னால் வந்து சுவர் முழுவதையும் பாருங்கள். பூச்சு உரிந்த அந்தச் சுவர் இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகள் ஒரு விளம்பரப் பலகைப் படமாகியிருப்பார்கள்.

அதே வீதியில் 120ஆம் எண் வீட்டையும் பார்த்துவிடுங்கள். சன் யாட் சென் 1910இல் சீனப் புரட்சிக்குத் திட்டமிட்ட இடம் அது.

ஆர்மீனியன் வீதியிலிருந்து ஆ குவீ வீதிக்குப் போகச் சூ ஹோங் சந்து என்ற மிகக் குறுகிய வழி இருக்கிறது. உள்ளே ஒரு திரிஷா (மூன்று சக்கர மிதிவண்டி ரிக்‌ஷா) சிக்கிக்கொண்டதைக் காட்டும் கம்பிச் சித்திரம். சந்துக்குள் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தால் சித்திரம் சொல்வது புரியும். இதைத்தான் கம்பியிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன், விளக்கமே தேவைப்படாது.

ஆ குவீ வீதியில் சகாரேவிச்சின் இன்னொரு படைப்பு: நிஜமான பழைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பையன். பக்கத்திலேயே, ஒரு சிறுவன் தன் டைனோசரைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கும் கிறுக்கல் ஓவியம் இருக்கும், குழந்தைகளோடு போனால் அதன் முன்னால்தான் அதிக நேரம் ஆகும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பூனைகள் நிறையத் தென்படும். தெருவில் அலையும் விலங்குகளுக்காகக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து 2013இல் செய்த '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' என்ற முயற்சி அது. அதில் ஒன்று புரூஸ் லீ பூனையை உதைக்கும் படம். அதன் தலைப்பு, 'நிஜமான புரூஸ் லீ இப்படிச் செய்யவே மாட்டார்'. பார்த்ததும் சிரிப்பு வரும், தலைப்பைப் படித்ததும் எதற்கு வரைந்தார்கள் என்று தெரியும்.

அடுத்து கேனன் வீதி. இங்கே அவசரப்படாதீர்கள். சுவரோரம் ஒரு நிஜ நாற்காலி, அதன்மேல் ஏறி நின்று சுவரில் இருக்கும் ஒரு திறப்பை எட்டிப் பிடிக்க முயலும் பையன் ஓவியத்தில். கூட்டம் எல்லாம் அவன் முன்னால்தான் நிற்கும். அதே தெருவில் ஒரு பீரங்கிக் குண்டு உண்டாக்கிய துளையைப் பற்றிய கம்பிச் சித்திரமும் இருக்கிறது. 1867 ஆகஸ்ட்டில் இந்தத் தெருக்களில் பத்து நாள் கலவரம் நடந்தது. கீ ஹின், தோ பே கோங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் ஒன்றோடொன்று மோத, வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்ற முஸ்லிம் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டன. அப்போது சுட்ட பீரங்கியால்தான் தெருவுக்கு இந்தப் பெயர். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்தப் பையனைப் பாருங்கள். சண்டை நடந்த தெருவில், ஒரு குழந்தை நாற்காலி போட்டு எதையோ எட்டிப் பார்க்கிறது. வரைந்தவர் இதை நினைத்தாரா என்பது முக்கியமில்லை, அந்தத் தெருவில் நிற்கும்போது இரண்டும் சேர்ந்தேதான் மனதில் படும்.

தெருவை ஒட்டியே கூ கோங்சி என்ற குலக்கோயில் வளாகம். உள்ளே போக நுழைவுக் கட்டணம் உண்டு, கூரைச் செதுக்கல்களுக்காகவே கொடுக்கலாம்.

5. பசியாறிவிட்டு நிழலுக்குள்

இதற்குள் மணி ஒன்பதரை பத்து ஆகிவிடும், வெயில் ஏறிவிடும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நடந்து வாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் முன்னின்று எழுப்பிய பள்ளிவாசல் அது. சூலியா வீதியில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும், குவீன் வீதியில் 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. லெபு பாசார், குவீன் வீதி, பினாங்கு வீதி சேர்ந்த லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம், வழியும் கேட்கலாம். ஓவியம் இருக்கும் இடத்தைக் கடைக்காரர்களிடம் கேட்பது வரைபடத்தைவிட நல்ல வழி. எது மங்கிவிட்டது, எது வெள்ளையடிக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை நடக்க வேண்டாம். வெயில் நேராகச் சுவரில் அடித்து ஓவியத்தின் ஆழத்தையே தட்டையாக்கிவிடும், உடம்புக்கும் ஆகாது.

6. மாலை நடை: லவ் லேன், மன்ட்ரி வீதி, ஸ்டூவர்ட் சந்து

லவ் லேனில் 'ஏமாற்றும் கணவன்' என்ற கம்பிச் சித்திரத்திலிருந்து தொடங்குங்கள். பக்கத்துத் தெருக்களின் பணக்காரர்கள் தங்கள் காதலிகளை இங்கே வைத்திருந்தார்களாம், அதனால்தான் இந்தப் பெயர் என்பது ஊர்ப்பேச்சு.

மன்ட்ரி வீதியில் நீலச் சட்டைச் சிறுமி. இரண்டு மாடி உயரம். கீழ்ச் சுவரில் இருக்கும் இரண்டு ஜன்னல்களின் மேல்விளிம்புகளில் ஆளுக்கொரு கையை ஊன்றி எம்பி நிற்கிறாள். அந்த ஜன்னல்கள் கட்டடத்துக்கே சொந்தமானவை, ஓவியம் இல்லை. அவளை எதிர்ச்சாரியில் நின்று பார்க்க வேண்டும், பக்கத்தில் போனால் கை தெரியாது. வண்டிகள் வேகமாக வரும் தெரு, படம் எடுக்கும் ஆர்வத்தில் பின்னால் நகர்ந்து சாலைக்குள் போய்விடாதீர்கள்.

இதே பக்கத்தில், புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ காலணி செய்யக் கற்றுக்கொண்ட இடத்தைக் குறிக்கும் கம்பிச் சித்திரமும், 'ஒற்றைக் காலால் எல்லாம் உதைப்பவள்' என்ற சித்திரமும் இருக்கின்றன. இரண்டாவதை நான் ஜார்ஜ் டவுனின் மிகச் சிறந்த கம்பிச் சித்திரமாகச் சொல்வேன். கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்து, கருப்பு வெள்ளை உடையில் பணக்கார வீடுகளில் சமையல், துவையல், பிள்ளை வளர்ப்பு என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்த, தென்சீனாவின் கான்டோன் பகுதிப் பெண்களைப் பற்றியது அது.

ஸ்டூவர்ட் சந்துப் பக்கம் ரஷ்ய ஓவியர் ஜூலியா வொல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டியைத் தேடிப் பாருங்கள். துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகு தள்ளியவர்களில் நம்மவர்கள் நிறைய. சுவரை நிறைத்த அந்தப் படகோட்டியின் முன்னால் தமிழ் பேசுகிறவர் யாரும் சும்மா கடந்து போக மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஜாலான் பினாங்கில் பயணிக்காகக் காத்திருக்கும் திரிஷாக்காரரின் பெரிய ஓவியமும் உண்டு. அது ரொம்ப மங்கிவிட்டது. நேரம் இருந்தால் மட்டும் போங்கள்.

7. கடலோரம்

காட் லெபு சூலியாவை ஒட்டிய ஸ்டெப் பை ஸ்டெப் சந்தில் உள்ளூர் ஓவியர் லூயிஸ் கான் வரைந்த ஊஞ்சலாடும் அண்ணன் தங்கை. ஊஞ்சல் நிஜம். அவரே வரைந்த கூடைப்பந்து விளையாடும் குழந்தைகளும் அருகிலேயே. சைக்கிள் ஓவியத்துக்கு நிகரான கூட்டம் இங்கேயும் வரும்.

அங்கிருந்து வெல்ட் கீ சாலையோரம் நடந்தால், ஒரே குலத்துச் சீனர்கள் சேர்ந்து குடியிருக்கும் குலப் படகுத்துறைகள், அதில் பெரியது சூ ஜெட்டி. கடலுக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் வீடுகள், நடைபாதையும் பலகைதான். சகாரேவிச் இங்கே படகில் இருக்கும் குழந்தைகளை வரைந்தார், உப்புக்காற்றில் அது உரிந்து தேய்ந்துபோனது. முழு ஓவியத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இந்த உரிதலைப் பற்றி ஒரு விஷயம். இந்த ஊரின் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். தரையிலிருந்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் காற்றுப் புகாத வண்ணத்தைப் பூசினால், ஈரமும் உப்பும் உள்ளிருந்து தள்ளித் தள்ளி வண்ணத்தை உரித்தெடுத்துவிடும். அடிப்பகுதி முதலில் போகும், மேல்பகுதி பிறகு போகும். உரிந்த பகுதிக்கும் உரியாத பகுதிக்கும் இடையிலான எல்லைக்கோடு பல ஓவியங்களில் தெரியும். மங்கியதை உடனே புதுப்பிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிதாகப் பூசிய ஓவியம் சுவரிலிருந்து பிரிந்து நிற்கும். இந்தத் தலைமுறை பார்க்க முடிவதை இந்தத் தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும், சுவர் நன்றாக இருந்தால் அடுத்து யாராவது வரைவார்கள்.

எல்லா ஊரும் ஜார்ஜ் டவுன் மாதிரி வரவேற்பதும் இல்லை. இதே சகாரேவிச் 2013இல் மலேசியாவின் தென்கோடியில் இருக்கும் ஜொகூர் பாரு நகரில், கைப்பையோடு வரும் ஒரு லெகோ பொம்மைப் பெண்ணையும், மூலைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு காத்திருக்கும் லெகோ திருடனையும் வரைந்தார். நகரின் குற்றங்களைச் சுட்டிய அந்த ஓவியத்தை நகராண்மை வெள்ளையடித்துவிட்டது.

8. ஹின் பேருந்துப் பணிமனை

ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தால் ஜாலான் குருத்வாராவில் இருக்கும் இந்தப் பழைய பேருந்துப் பணிமனைக்குக் கண்டிப்பாகப் போங்கள். 2014 ஜனவரியில் சகாரேவிச் தன் கண்காட்சியை நடத்தியதிலிருந்து இது ஒரு கலை வளாகமாகவே மாறிவிட்டது. கூரை போன சுவர்களில் பல நாட்டு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள், நடுவில் புல்வெளி, ஞாயிறுகளில் சந்தை. பழைய ஊருக்குள் இருக்கும் ஓவியங்களைவிட இங்கே புதிய முயற்சிகள் அதிகம், கூட்டம் குறைவு. பாரம்பரியப் பகுதிக்குள் சுவரில் வரைய அனுமதி வாங்க வேண்டும், அதனால் அங்கே எல்லோரும் பத்திரமான படங்களையே வரைகிறார்கள். துணிச்சலானவை வேண்டுமென்றால் ஹின்.

9. படம் எடுப்பதும் நடந்துகொள்வதும்

சைக்கிள், நாற்காலி, ஊஞ்சல் எதிலும் முழு எடையைப் போடாதீர்கள். தொட்டுக்கொண்டு நின்றாலே படம் நன்றாக வரும். வண்ணத்தைக் கையால் தடவ வேண்டாம். ஓவியம் இருக்கும் சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கலாம். கதவை மறிக்காமல், ஏழரை மணிக்குச் சத்தம் போடாமல் இருந்தால் போதும். கடைவீடுகளின் முன் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நடக்கத்தான் ஆசை, ஆனால் பல இடங்களில் மோட்டார் சைக்கிளும் சரக்கும் அடைத்துக்கொண்டிருக்கும், சாலைக்கு இறங்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். சூ ஜெட்டியில் இது இன்னும் முக்கியம்: திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், இருட்டிய பிறகு அங்கே அலைய வேண்டாம், அது அவர்கள் வீட்டுத் திண்ணை.

ஆள் இல்லாத படம் ஒன்று, ஆள் இருக்கும் படம் ஒன்று எடுங்கள். நீங்கள் நிற்கும் படத்தைவிட, ஓவியத்தைக் கடந்து மார்க்கெட் பையோடு போகும் பாட்டியோ சைக்கிளில் போகும் ரொட்டிக்காரரோ இருக்கும் படம்தான் அளவையும் உயிரையும் காட்டும். அதற்குப் பத்து நிமிடம் ஓரமாக நின்றால் போதும்.

10. இன்னும் ஒரு நாள் இருந்தால்

தீவின் மறுபக்கம் பாலிக் புலாவ் என்ற சிறு ஊர், பேருந்திலேயே போகலாம். வொல்ச்கோவாவின் ஓவியங்கள் அங்கேயும் இருக்கின்றன: ஹக்கா சீனப் பெண், பொற்கொல்லர், மீனவர் என்று அந்த ஊர்க்காரர்களின் முகங்கள். வரிசையே கிடையாது. காலையில் கிளம்பி, சந்தைப் பக்கம் லக்ஸா (நூடுல்ஸ் சூப்) சாப்பிட்டுவிட்டு, பிரதான சாலையில் நிதானமாக நடந்து, பிற்பகல் மழை தொடங்குவதற்குள் திரும்பும் பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.